ரோசா நிற ராசா

அந்த ஆண்டு முழுக்க எனக்கு நித்திரைதான். வயிற்றில் முதல் பிள்ளை. தையல் மெசினுக்கு முன்னால் நித்திரை, கடையில் வரிசையில் நின்றபடி நித்திரை, கோயிலில் பூசை நடக்கும்போதும் நித்திரை. எண்பதுகளின் நடுவில் ஒரு வசந்தகாலம். நாங்கள் பாரிசின் லா சப்பல் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அறையில் இருந்தோம். அங்கே மெட்ரோ நிலத்துக்கடியில் ஓடாது. இரும்புத் தூண்களுக்கு மேலே, வீட்டு யன்னல்களுக்கு நேரே ஓடும். கட்டிலில் படுத்திருந்தால் ஒவ்வொரு ரயிலும் பெட்டி நிறைய முகங்களை ஏற்றிக்கொண்டு எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வெள்ளை முகம், கறுத்த முகம், பத்திரிகையால் பாதி மறைத்த முகம். நான் அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எது ரயிலில் போனது, எது கனவில் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை.

ஆகவே நான் சொல்லப்போவதில் கொஞ்சம் கனவு கலந்திருக்கலாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். இவரும் மறுப்பதில்லை.

இவர் என்றால் என் கணவர். ஊரில் இவர் கடற்கரை மாதா கோயில் கூத்துகளுக்கு மேக்கப் போடுகிறவர். பெருநாள் வருவதற்கு முன்பே இவரைப் பிடித்துவைக்க ஆட்கள் வருவார்களாம். மேக்கப்காரர் வராவிட்டால் கூத்து இல்லையாம். இவையெல்லாம் இவர் வாயால் கேட்டவை. பாரிசில் இவருக்குக் கிடைத்தது பார்பெஸ் பக்கம் ஒரு உணவகத்தில் சட்டி கழுவும் வேலை. வீட்டுக்கு வந்து விரல்களை விரித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுவுகிற கையும் கைதானே என்பேன். எனக்கு விளங்காது என்பார். அறையின் சுவரில் எங்கள் கலியாணப் படம் மட்டும்தான் தொங்கியது. அதில் என் முகம் ஒரு நிறம், பூச்செண்டு பிடித்த கை இன்னொரு நிறம். மூன்று மாமிமார் சேர்ந்து பவுடர் போட்டால் அப்படித்தான் வரும். வடிவான படம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இவர் வேலை செய்த உணவகக் குசினியில் மாலி நாட்டுக்காரர் ஒருவர் காய்கறி வெட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடிய ஆள், எங்கள் அறைக்கு வரும்போது கதவடியில் குனிந்துதான் உள்ளே வருவார். அவருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. இவருக்கோ சூடு, கத்தி, தட்டு, நாளைக்கு என்ற நாலு சொல். இருந்தும் இரண்டு பேரும் ஓயாமல் கதைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் அந்த மனிதரைப் போன்றவர்களைக் 'கறுவல்' என்பார்கள், சொல்லுகிறவர் அவரைவிடக் கறுப்பாயிருந்தாலும். இவர் அப்படிச் சொன்னதில்லை. அண்ணை என்பார். அவருக்கும் அந்தச் சொல் பழகிப்போய், தன்னை அறிமுகப்படுத்தும்போதே 'அண்ணை' என்று எங்கள் சினேகிதர்களிடம் கை நீட்டுவார்.

அந்த அண்ணை நாடகத்தில் ராசா என்று ஒருநாள் இவர் வந்து சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கரட் சீவுகிறவர் ராசாவா என்று கேட்டேன். "ஊரில எங்கடை ராசாமாரெல்லாம் வலை இழுத்தவைதானே," என்றார் இவர்.

ரயில் பாதைகளை ஒட்டி ஒரு பழைய கரிக்கிடங்கு இருந்தது. நிலக்கரி போய்க் கனகாலம். ஆனாலும் சுவரைத் தொட்டால் விரல் கறுக்கும். கூரையில் பாதி கண்ணாடி. அதை ஒரு நாடகக் குழு எடுத்திருந்தது. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் கறுப்பின மக்கள். மாலி, செனகல், மார்த்தினிக், குவாதலூப் என்று பல இடத்தவர்கள். பகலில் ஒருவர் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளுவார், இன்னொருவர் பஸ் ஓட்டுவார். அவர்களை நடத்தியவர் மார்த்தினிக் தீவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. தபால் கந்தோரில் வேலை. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவர் பேசத் தொடங்கினால் பக்கத்தில் ஓடும் ரயிலும் நின்று கேட்பதாக எனக்குத் தோன்றும்.

அவர்கள் எடுத்திருந்த நாடகம் மிகப் பழையது. பிரான்சில் பள்ளிக்கூடம் போன எல்லாரும் படித்தது. எல்லாம் செய்யுள். கதை சின்னது. ஒரு துறைமுக நகரம், அதற்கொரு ராசா. கடல் வழியாக ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ராசாவின் வாசலில் விழுகிறான். அவனைத் திருப்பித் தா என்று பக்கத்துப் பேரரசன் தூது அனுப்புகிறான். கொடுத்தால் நகரம் தப்பும். கொடுக்காவிட்டால் ராசாவின் முடி போகும். ஐந்து அங்கமும் இதுதான். இதை இவர் எனக்குச் சொன்னபோது, எங்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கதையின் முடிவை நான் கேட்கவில்லை.

முன்னெல்லாம் இந்த நாடகத்தில் கறுத்த முகம் ஒன்றே ஒன்றுதானாம், ராசாவுக்குக் குடை பிடிக்கிற அடிமை. அதையும் வெள்ளைக்காரர் ஒருவர் கரி பூசிக்கொண்டுதான் நடிப்பாராம். மார்த்தினிக் பெண்மணி அதை மாற்ற நினைத்தார். ஆனால் நாடகத்தை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு வரியையும் மாற்றவில்லை. அதே வெல்வெட், அதே முடி, அதே செய்யுள். நடிக்கிறவர்கள் மட்டும் இவர்கள். ஏன் உங்கள் கதை ஒன்றைப் போடக்கூடாது என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்னதை ராசா அண்ணை அப்படியே எங்களுக்கு ஒப்புவித்தார்.

"இதைப் பிரம்பால் அடித்து எங்களுக்குப் பாடமாக்கினார்கள். அடி வாங்கிப் பாடமாக்கினவளுக்கும் இது சொந்தம்."

கரி பூசின அடிமையின் கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் நினைவு. பாலன் யேசுவைப் பார்க்க மூன்று ராசாக்கள் வருகிற கூத்தில் ஒருவர் கறுப்பு ராசா. அவருக்குக் கரி பூசுவார்கள். பூசுவதற்கு முன் அவர் எப்படி இருந்தாரோ பூசின பிறகும் அப்படியேதான் இருப்பார். ஆனாலும் பூசாமல் விடமாட்டார்கள். மற்ற இரண்டு ராசாக்களுக்கும் முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பூச்சில் சிவப்புக் குழைத்து ரோசா நிறம். அவர்களும் வெயிலில் வெந்து கறுத்த மனிதர்கள்தான். ராசா என்றால் ரோசா நிறம், மந்திரி என்றால் கொஞ்சம் மங்கல், சேவகனுக்கு ஒன்றும் இல்லை. அதை யாரும் கேள்வி கேட்டதாக நான் அறியேன். வானம் நீலம் என்பதை யார் கேட்பார்கள்?

அண்ணைக்கு ராசா உடுப்புத் தைக்க ஆள் தேவை என்று தெரிந்ததும் இவர் என்னைக் கேட்காமலே என்னைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அன்று முழுக்க இவரோடு கதைக்கவில்லை. பிறகு, மூடப்பட்ட ஒரு சினிமாக் கொட்டகையின் வாசலில் எறியப்பட்டுக் கிடந்த சிவப்பு வெல்வெட் திரையை இவரும் அண்ணையும் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்கள். தூசி தட்டி விரித்தேன். அறை முழுக்கச் சிவப்பு. அந்தத் திரைக்குள்ளே கால் நீட்டி இருந்து, யன்னலுக்கு வெளியே ரயில் ஓட, ஊசி ஓட, எனக்குத் தெரியாமலே நித்திரையாகி, விழித்தபோது தையல் நேராகப் போயிருந்தது. அந்த வாரங்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், ஒரு ராசாவின் சால்வைக்குள் இருந்தேன் என்றுதான் சொல்வேன்.

அளவெடுக்க வந்தபோதுதான் அண்ணையின் மகளைப் பற்றித் தெரிந்தது. ஒரே மகள். பாரிசுக்கு வெளியே சார்செலில் தாயோடும் தகப்பனோடும் இருக்கிறாள், பதினைந்து வயது. இதே நாடகம் அந்த ஆண்டு அவளுடைய வகுப்பில் பாடம். பாடப்புத்தகத்தில் ராசாவின் படம் இருக்கிறது. சுருள் முடி, ரோசா நிறக் கன்னம். தகப்பன் அந்த வேடம் போடுகிறார் என்று கேட்டதும், அது நீ இல்லை என்று சொல்லிவிட்டாளாம். மார்த்தினிக் பெண்மணி பள்ளிக்கூடங்களுக்கு அழைப்பு அனுப்ப, அவளுடைய ஆசிரியை வகுப்பையே கூட்டிக்கொண்டு வர ஒப்புக்கொண்டார். அன்றிரவு மகள் தகப்பனிடம் ஒரு வசனம் சொன்னாள். அதை அவர் சொன்னபோது நான் அவருடைய தோளில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வகுப்பில் யாராவது கேட்டால் உன்னைத் தெரியாது என்று சொல்வேன்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் கைக்குக் கீழே தோள் இறங்கியது. அளவு தவறிப்போய் மறுபடி எடுத்தேன். அந்தக் குழுவில் மற்றவர்களுக்கு அந்த நாடகம் என்னவாக இருந்ததோ, அவருக்கு அது அந்த ஒரு பிள்ளைதான். அவள் பார்த்து, அது என் அப்பா என்று சொல்லவேண்டும். வேறொன்றும் வேண்டாம். அவர் போன பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. என் வயிற்றில் கிடப்பதும் இந்த ஊரில்தானே பிறக்கப்போகிறது. இவர் சட்டி கழுவுகிற குசினி வாசலால் அது சினேகிதர்களோடு போகும்போது எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசித்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவர் சிரித்திருப்பார், அல்லது அழுதிருப்பார். இரண்டும் எனக்குத் தாங்காது.

நாடகத்துக்குச் சில நாள் இருக்கும்போது விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். கரிச் சுவர் வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. கடைகளில் விற்ற மேக்கப் பெட்டிகளில் அவர்களுடைய தோலுக்கு ஏற்ற நிறம் ஒன்றும் கிடையாது. எல்லாம் வெள்ளைத் தோலுக்குச் செய்தவை. அப்போதுதான் அண்ணை இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மார்த்தினிக் பெண்மணி இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் முகம் தெரியவேண்டும், ராசாவைப் பார்த்ததும் ராசா என்று தெரியவேண்டும், மற்றது உங்கள் விருப்பம் என்று சொன்னார். இவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்கவேண்டுமே. படியே அதிர்ந்தது.

முத்துவெள்ளைக்கு எங்கே போவது? பிள்ளைகளின் தோலில் தடவுகிற துத்தநாகக் களிம்பை, என்னையும் கூட்டிக்கொண்டு போய் மருந்துக் கடையில் வாங்கினார். கடைக்காரப் பெண் என் வயிற்றைப் பார்த்து, இன்னும் பிறக்கவில்லையே என்றாள். எங்கள் தெருவில் புதிதாகத் திறந்த தமிழ்க் கடையில் தேங்காய் எண்ணெய். என்னுடைய ஒரே ஒரு உதட்டுச் சாயம் கேட்காமலே காணாமல் போய், கத்தியால் சீவப்பட்டுக் கிண்ணத்தில் கிடந்தது. மூன்றையும் குழைத்துக் குழைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தன் புறங்கையில் பூசி என்னிடம் நீட்டினார்.

"எப்பிடி இருக்கு?"

"உங்கடை ஊர் ராசா மாதிரியே இருக்கு," என்றேன்.

உண்மையில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. பெருமூச்சு இல்லாத இவரைப் பார்த்து எவ்வளவு காலம்.

திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. பின்னேரம் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாடகம். நல்ல வெயில். கிடங்கின் கண்ணாடிக் கூரையால் வெயில் பலகை பலகையாக இறங்கிக் கரித்தூசியில் மிதந்தது. முன்பக்கத்தில் மார்த்தினிக் பெண்மணி விளக்குக்காரரோடும் வந்துகொண்டிருந்த பிள்ளைகளோடும் நின்றார். பின்னால், முன்பு நிறுவைத் தராசு இருந்த சின்ன அறையில், அண்ணையை ஒரு பெட்டியில் இருத்தி இவர் வேலையைத் தொடங்கினார். நான் மூலையில் இருந்து சால்வைக்குக் கொக்கி தைத்தேன்.

கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூசி முடியும் மட்டும் வேடக்காரர் கண் திறக்கக்கூடாது, கண்ணாடி பார்க்கக்கூடாது. இவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அண்ணையின் கண்களை இரண்டு விரலால் மூடி, "ஆடாதேயுங்கோ," என்றார். தமிழில்தான் சொன்னார். மாலிக்காரர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தார். நெற்றியில் தொடங்கி, கன்னத்தால் இறங்கி, நாடியில் முடித்து, புருவத்துக்கு மை, மீசைக்கு மை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கண் சொருகியது. சட்டி கழுவுகிற விரல்கள் அல்ல அவை. நான் கண் திறந்தபோது ஊரில் பெருநாள் பந்தலில் நான் பார்த்த ராசா எனக்கு முன்னால் இருந்தார். வடிவான, ரோசா நிற ராசா. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

இவர் கண்ணாடியை நீட்டினார். அண்ணை பார்த்தார். கனநேரம் பார்த்தார். கன்னத்தைத் தொடப்போன விரல் தொடாமலே நின்றது. இவருடைய முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. பிடிக்கவில்லையா, துடைக்கட்டுமா என்று சைகையால் கேட்டார். அண்ணை வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இருக்கட்டும். என் மகளின் புத்தகத்தில் இருப்பவர் இவர்தான்," என்றார்.

களிம்பு முகத்துக்கு மட்டும்தான் போதுமாயிருந்தது. கைக்கு மிஞ்சவில்லை. நான் சால்வையைத் தோளில் போட்டுக் கொக்கியை மாட்டினேன். குனிந்து, கதவைக் கடந்து, அவர் வெளிச்சத்துக்குள் போனார்.

மேடைக்குப் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். ராசா வந்ததும் எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. ஆசிரியை அடக்கினார். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மார்த்தினிக் பெண்மணி. என்னைப் பார்க்கவில்லை, மேடையைத்தான் பார்த்தார். பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. ஏன் என்று விளங்காமல் நானும் மேடையைப் பார்த்தேன். ராசா கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். ரோசா நிற முகம். கறுத்த கை. முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது.

எங்கேயோ பார்த்த படம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு தெரிந்தது. எங்கள் அறைச் சுவரில்தான். பூச்செண்டும் என் கையும், அதற்கு மேலே எனக்கே தெரியாத ஒருத்தியின் முகமும்.

கடைசி வரிசையின் கரையில் பச்சைக் கோட்டோடு ஒரு பெண்பிள்ளை இருந்தாள். மகள் தாயின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வருவாள் என்று அண்ணை முதலே சொல்லியிருந்தார். அந்த வெக்கையிலும் அவள் அதைக் கழற்றவில்லை. மேடையைப் பார்க்காமல் முன் கதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் அங்கம் முடிய, அண்ணைக்கு வேர்க்கத் தொடங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் அல்லவா, விளக்குச் சூட்டில் இளகியது. மூன்றாம் அங்கத்தில் நெற்றியிலிருந்து ரோசா நிறம் கோடு கோடாக இறங்கியது. இவர் தவித்துப்போனார். ஊரிலும் கூத்தில் விடியப்புறம் இப்படித்தான் இளகும். அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. மேக்கப்காரர் துணியோடும் பவுடரோடும் பக்கத்தில் நிற்பார். முகம் கலைந்தால் நேரே மேடைக்கு நடந்துபோய், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ராசாவின் முகத்தை ஒற்றிவிட்டு வருவார். சபை அவரைப் பார்க்காது. அவர் அங்கே இல்லை என்று எல்லாரும் வைத்துக்கொள்வார்கள்.

நான்காம் அங்கம். தூதுவன் வந்து அகதியைக் கேட்கிறான். அகதியாக நடித்த குவாதலூப் இளைஞன் ராசாவின் காலடியில் கிடக்கிறான். நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். அப்போது இவர் துணியை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

நான் சட்டையைப் பிடிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. கட்டம் போட்ட சட்டை, உணவகத்தின் சப்பாத்து, கையில் ஈரத்துணி. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற முழு நம்பிக்கையோடு, அவசரமில்லாமல், கோயிலுக்குள் நடக்கிறவர் போல நடந்தார். தூதுவன் வாயைத் திறந்தபடி நின்றான். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. சுவருக்கு அப்பால் ஒரு ரயில் போனதா, போகவில்லையா, எனக்கு இன்றும் தெரியாது. தண்ணீருக்கு அடியில் இருந்து பார்ப்பதுபோல் இருந்தது எல்லாம்.

இவர் நுனிக்காலில் எட்டித் துணியை ராசாவின் நெற்றிக்குக் கொண்டுபோனார். ராசா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தார். தினமும் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தூதுவன் பக்கம் திரும்பி, இவருடைய கையை விடாமலே, அந்த இடத்துக்கு எழுதியிருந்த வரிகளைச் சொன்னார். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"இவன் என் வாசலுக்கு வந்தவன். என் முடியைக் கேள், தருகிறேன். இவனைக் கேட்காதே."

இவருக்கு அந்த வரிகள் விளங்கியிருக்காது. ஆனால் கையைப் பிடித்த பிடி விளங்கியிருக்கவேண்டும். அசையாமல் நின்றார். இவருடைய கண் கலங்கியது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. காலடியில் கிடந்த இளைஞன் எழுந்து இவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான், அவனை யாரும் எழும்பச் சொல்லவில்லை. ராசா இவருடைய கையிலிருந்த துணியை வாங்கி, சபைக்கு முன்னால், நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் அழுத்தித் துடைத்தார். இன்னொரு தரம் துடைத்தார். துணி ரோசா நிறமாயிற்று. அந்தக் கைக்குரிய முகம் வெளியே வந்தது. கடைசி வரிசைக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கும். எண்ணெய் ஊறி மினுங்கியது.

ஐந்தாம் அங்கத்தில் ராசாவின் முடி போனது. இவர் மேடையை விட்டு இறங்க வழி தெரியாமல் கடைசி மட்டும் ராசாவின் பக்கத்திலேயே நின்றார். நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும்.

பிள்ளைகள் கை தட்டி ஓய்ந்த பிறகு மார்த்தினிக் பெண்மணி தராசு அறைக்குள் வந்தார். இவர் குற்றவாளி மாதிரிக் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். எதுவோ பிழைத்துவிட்டது என்பது மட்டும் அதற்குள் இவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்மணி ஏசவில்லை. பெட்டியில் இருந்துகொண்டு, எங்களுக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகக் கதைத்தார். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகமுன் தன் பெரியம்மா தன்னுடைய முகத்தில் எலுமிச்சைப்பழம் தேய்ப்பாராம், வெளுக்க. கண் எரியுமாம். அந்த எரிவோடுதான் இந்தச் செய்யுளைப் பாடமாக்கினாராம். இன்று ராசா மேடைக்கு வந்தபோது அந்த எரிவு திரும்பி வந்தது என்றார். அவர் சொன்னதை நான் இவருக்குத் தமிழில் சொன்னேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவருக்கு எங்கள் கலியாணப் படத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டையும் மாறி மாறிச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ. அவர் என்னுடைய மணிக்கட்டைப் பார்த்தார். அதில் அவருடைய விரல்கள் பதிந்திருந்தன. அதைத் தடவிவிட்டார்.

பிறகு ஒரு முடிவும் சொன்னார். இனி யாருக்கும் பூச்சு இல்லை, விளக்கைத்தான் கூட்டவேண்டும். ஆனால் நான்காம் அங்கத்தில் இவர் துணியோடு வரவேண்டும், ஒவ்வொரு தடவையும். இவர் என்னைப் பார்த்தார். "வெறுந்துணியோடயோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஊரில் மேக்கப்காரரைச் சபை பார்க்காது. இங்கே பார்க்கும், அவ்வளவுதான் என்றேன். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் குப்பையில் கவிழ்த்தார். என் உதட்டுச் சாயமும் அதோடு போயிற்று.

அண்ணை சால்வையைக் கழற்றி மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். காது முழுக்கக் கதவுப் பக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே பிள்ளைகளை எண்ணுகிற ஆசிரியையின் குரல். பஸ் வந்துவிட்டது. நான் வாய்க்குள் செபம் சொன்னேன்.

கதவடியில் மூன்று பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். நடுவில் பச்சைக் கோட். மற்ற இருவரும் வகுப்புச் சினேகிதிகள். அண்ணை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார். மகள் சொன்ன வசனத்தை அவர் மறக்கவில்லை. அவளுக்குச் சங்கடம் கொடுக்கக்கூடாது என்று, முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வதுபோல் மூன்று பேருக்கும் பொதுவாகத் தலை சாய்த்து, வந்ததற்கு நன்றி என்று மரியாதையாகச் சொன்னார். சினேகிதி ஒருத்தி பச்சைக் கோட்டின் முழங்கையை இடித்து, ராசாவை உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

மகள் அறைக்குள் வந்தாள். எங்களை யாரையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த துணியில் ரோசா நிறம் படாத ஒரு முனையைத் தேடிப் பிடித்தாள். தகப்பனுடைய இடது காதுக்குப் பின்னால் களிம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் அந்தக் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். எட்டவில்லை.

"பப்பா, குனி. அசையாதே," என்றாள்.

ராசா முழங்காலை மடித்துக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் துடைத்து முடிக்கும் மட்டும் அசையாமல் நின்றார்.